யுவனேஸ்வரி கேட்ட ஒரு கோடை

என் மனைவி யுவனேஸ்வரிக்கு ஐம்பதாவது வயதில் பாய்மரப் படகு ஓட்டும் ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் முட்டிவலி வரும், அல்லது கோயில் கமிட்டியில் சேரத் தோன்றும். இவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண், செவ்வாய்க்கிழமை மாலைகளில் பெண்களுக்கு மட்டும் நடக்கும் பாய்மர வகுப்புக்கு வாயேன் என்று சொல்லியிருக்கிறாள். போனாள். ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து இருபத்தெட்டு அடி நீளத்தில் ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அது எங்கள் கல்யாணத்துக்கும் பத்து வருடம் மூத்த படகு.

அவள் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்தவள். இங்கே ஆக்லாந்தில் இருபத்திரண்டு வருடமாக அறுவை அரங்கில் நர்ஸ். நான் ஈரோட்டுக்காரன். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு உழைத்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு. என் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. ஜோசியத்தில் பெரிய நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த ஒரு வரியை மட்டும் நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். ஆறு வருடமாக அவள் சனிக்கிழமைதோறும் கடலில், நான் கரையில். ஹார்பர் பாலத்துக்குக் கீழே காரை நிறுத்தி, ஃபிளாஸ்க்கில் காபியோடு பேப்பர் படிப்பேன். அவள் உப்புப் பூத்த முகத்தோடு வந்து ஏறிக்கொண்டு, வீடு வரும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ போடுவேன்.

போன நவம்பரில் ஒருநாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“என்னாங்க, இந்த சம்மர்ல எட்டு வாரம் லீவு எடுத்துருக்கேன். நீங்களும் என்கூட படகுல இருக்கணும். முழு எட்டு வாரமும். அப்பறமா நீங்க வேணாம்னு சொன்னா, படகை வித்துருவேன்.”

“என்ன யுவா இது, மிரட்டறியா?”

“மிரட்டல் இல்ல லா. நான் பாக்குறது எல்லாத்தையும் ஆறு வருஷமா வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. தனியா பாத்தது போதும்.”

சரி என்றேன். எட்டாவது வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடுதான் சொன்னேன். இதை இங்கே மறைப்பதில் பயன் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிளம்பினோம். எங்கள் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் அடுப்பு, மேசை, படுக்கை, கக்கூஸ் எல்லாம். ஒருவர் நிமிர்ந்தால் இன்னொருவர் குனிய வேண்டும். படகின் மூக்குப் பக்கம் ஒடுங்கும் படுக்கையில் தலை வைத்தால், காலையில் எழும்போது கூரை நெற்றியில் ஒரு தட்டு தட்டி எழுப்பும். முதல் மூன்று நாள் நான் வாந்தி எடுத்தேன். அவள் இஞ்சியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, “தூரத்துல தெரியிற கரையையே பாருங்க, என்னைப் பாக்காதீங்க” என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அவள் சொல்லை அப்படியே கேட்டேன்.

படகின் தொட்டியில் நூறு லிட்டர் தண்ணீர். ஒரு வாரத்துக்கு வரும் என்பது அவள் கணக்கு. நான் அரிசியை மூன்று தடவை களைந்து, காலையும் மாலையும் குளித்து, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவிட்டு நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் கழுவி, மூன்றாம் நாள் மதியம் தொட்டியைக் காலி செய்தேன். மிதிபம்ப் வெறும் காற்றை உறிஞ்சிக் கொக்கரித்தது. அன்றிலிருந்து பாத்திரம் கடல் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீரில். சோற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கடல் தண்ணீர், உப்புப் போட வேண்டாம். குளியல் என்றால் கடலில் குதிப்பதுதான். எனக்கு மட்டும் சலுகை: கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்று முங்கலாம்.

இப்படியே ராக்கினோ, வைஹேக்கி, கவாவ் என்று தீவு தீவாகப் போனோம். காலையில் அவள் வானிலைச் செய்தி கேட்டுவிட்டு, எஞ்சின் எண்ணெயையும் பெல்ட்டையும் தொட்டுப் பார்ப்பாள். நெத்திலிச் சம்பலோடு பிரெட். காற்று வந்தால் கிளம்புவோம், வராவிட்டால் அவள் பிரிந்த கயிற்று நுனியைத் தைப்பாள், நான் ரசம் வைப்பேன். பக்கத்தில் நங்கூரம் போட்ட படகுக்காரர்கள் டிங்கி என்ற சின்னப் படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, நீங்கள்தான் கேப்டனா என்று என்னைக் கேட்பார்கள். நான் கரண்டியால் அவளைக் காட்டுவேன்.

அங்கேதான் நான் அவளைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வேலைவிட்டு வந்து சோபாவில் செருப்போடு தூங்கிப்போகிற பெண் இவள் இல்லை. இங்கே பாட்டு முனகிக்கொண்டு பாயை ஏற்றினாள். காற்று மாறுவதை எனக்கு முன்னால் அவள் கழுத்து கண்டுபிடித்தது. ஒருநாள் கவாவில், ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் பஞ்சுத்துணிகளை எண்ணும் முறையைச் சொன்னாள். இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து, வாய்விட்டு எண்ண வேண்டும். “கூட நிக்கிறவ எண்ணிட்டேன்னு சொன்னா எண்ணியிருக்கணும். சும்மா சொல்லிட்டா, துணி உள்ளயே போயிரும். அப்பிடி ஒருத்திகூட நான் நிக்கவே மாட்டேன்” என்றாள். நான் ‘ம்’ போட்டேன். அப்போதே எனக்குள் ஏதோ இடறியது.

ஏனென்றால் படகில் எனக்கென்று அவள் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. கம்சாயினி என்று யாழ்ப்பாணத்துப் பெண், ஏவன்டேலில் இருப்பவள், யுவாவோடு அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் படித்தவள். கரையிலிருந்து எங்களைக் கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு. தினமும் கிளம்புமுன் நான் அவளுக்கு போனில் சொல்ல வேண்டும்: இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு, இத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம். சேர்ந்ததும் இன்னொரு செய்தி. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் மேலே போயும் அது வராவிட்டால், அவள் உதவிக்கு ஆள் கூப்பிடுவாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில், கிளம்புகிறவனிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. போகுமுன்னே போகிற இடத்தை அறிவிக்கவும் கூடாது. யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். காரில் போகும்போது எனக்கு இதெல்லாம் நினைவுக்கே வராது. காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தபோது வந்தது. முதல் நாள் போனைக் கையில் எடுத்தேன். அடித்ததை அழித்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பையில் போட்டேன்.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. “கம்சாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லியாச்சு.”

மாலையில் சேர்ந்த பிறகு, இன்ன இடத்தில் சுகமாக இருக்கிறோம் என்று கம்சாயினிக்கு எழுதினேன். காலையில் ஏன் செய்தி இல்லை என்று கேட்டாள். சிக்னல் கிடைப்பதில்லை, இனிமேல் மாலையில்தான் என்றேன். இப்படி இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொய். பத்தொன்பது நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. நான் சொல்லாததால்தான் பயணம் நன்றாகப் போகிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். படித்தவன் முட்டாளானால் அதற்கும் காரணம் கண்டுபிடித்துவிடுவான்.

இருபதாம் நாள் கவாவிலிருந்து கிரேட் பேரியர் தீவுக்குக் கிளம்பினோம். அந்தக் கோடையிலேயே நீளமான பயணம் அதுதான். காலை ஏழு மணிக்கு நங்கூரம் எடுத்தோம். மூன்று மணிக்குள் சேர்ந்துவிடுவோம் என்றாள். சொல்லியாச்சு என்றேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் காற்று படுத்துவிட்டது. முன்னாலிருக்கும் பாயை இறக்கப் போனாள். எங்கோ போன பெரிய கப்பலின் அலை வந்து படகை ஒரு உலுக்கு உலுக்கியது. கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தாள். அது முள்கரண்டி வளைந்த மாதிரி இருந்தது.

“உடைஞ்சிருச்சு” என்று அவளே சொன்னாள்.

பத்திரிகை ஒன்றைச் சுருட்டி அணையாக வைத்து, அவள் துப்பட்டாவால் கட்டச் சொன்னாள். கட்டினேன். எஞ்சினைப் போடச் சொன்னாள். அது இரண்டு தடவை முனகி அடங்கியது. பழைய பேட்டரி, இந்த வருடம் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதோடு ரேடியோவும் செத்தது. போனில் சிக்னல் நிஜமாகவே இல்லை. சுற்றிலும் தண்ணீர், கிழக்கே நீலமாகக் கிரேட் பேரியர்.

அவசரத்துக்கு அமுக்குகிற கருவி ஒன்று சுவரில் இருந்தது. அது உயிர் போகிற நேரத்துக்கு என்றாள். “கை உடைஞ்சா யாரும் சாக மாட்டாங்க. படகு நல்லாத்தான் இருக்கு. மூணு மணிக்கு நாம சேரலைன்னா கம்சா நாலு மணி வரைக்கும் பாப்பா. நாலுக்கு மேல ஒரு நிமிஷம் விட மாட்டா. உங்களுக்குப் பாய் ஏத்தத் தெரியாது, என்னால முடியாது. சும்மா உக்காந்திருப்போம். பயப்படாதீங்க, ஆள் வந்துருவாங்க.”

யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். கம்சாயினியைப் பொறுத்தவரை நாங்கள் கவாவில் சுகமாக இருக்கிறோம். மாலைச் செய்தி வராவிட்டாலும் நாளைவரை பொறுப்பாள், அதன் பிறகு கவாவில்தான் தேடுவாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏதாவது படகு இந்தப் பக்கம் வரும், வந்துவிட்டால் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு மணிக்குத் தூரத்தில் ஒரு மோட்டார் படகு போனது. துண்டை வீசினேன், பார்க்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. அந்த வலியிலும், என்னைத் தேற்றுவதற்காகத் தைப்பிங் மழையைப் பற்றிப் பேசினாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவளுக்கு, அந்தக் குதிரைக்கே ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

மூன்றரைக்குத் தென்மேற்கிலிருந்து காற்று எழுந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் அரை மணி நேரம்” என்றாள்.

“யுவா, யாரும் வரமாட்டாங்க.”

“ஏன்?”

“நான் சொல்லல. கம்சாயினிக்கு நம்ம இங்க வர்றதே தெரியாது.”

“இன்னிக்கா?”

“ஒரு நாளும் சொல்லல. மொத நாள்லேருந்தே.”

காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே கூச்சமாகி நின்றுவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மூணு மணி நேரமா தெரிஞ்சும் சும்மாவா உக்காந்திருந்தீங்க?” என்றாள். பிறகு, “சரி. எழுந்திரிங்க. பாயை நீங்கதான் ஏத்தணும்.”

அவள் சொன்னாள், நான் செய்தேன். முன்பாயை மட்டும் ஏற்றினால் போதும். இந்தக் கயிறு, இல்லை அதற்குப் பக்கத்து நீலக் கயிறு, இழுங்க, சுற்றுங்க, விட்டுடாதீங்க. தப்பாகச் செய்தால் அதே குரலில் மறுபடி சொன்னாள். சுக்கான் கட்டை என் கைக்கு வந்தது. காற்று முதுகில் வந்து விழுந்தது. பாய் நிறைந்ததும் படகு கனைத்துக்கொண்டு கிளம்பும் குதிரை போல முன்னால் பாய்ந்தது.

மூன்று மணி நேரம் ஓட்டினேன். முதல் ஒரு மணி நேரம் பயம் தவிர வேறொன்றும் இல்லை. அதன் பிறகு கட்டை எப்போது கனக்கும், எப்போது லேசாகும் என்று கைக்குப் பிடிபட்டது. கடல் முழுக்க வெயில். ஒரு பறவைக் கூட்டம் தண்ணீரைக் கொத்திக்கொண்டு எங்களோடேயே வந்தது. ஆறு வருடமாகக் காரில் அவள் சொல்லிக்கொண்டு வந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவி உடைந்த கையோடு பக்கத்தில் சாய்ந்திருக்க, அவளுக்கு அந்த நிலையைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று தெரிந்தும், சந்தோஷமாக இருந்தது. அவளிடம் திரும்பிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். சொல்லவில்லை.

ஏழு மணி வெளிச்சத்தில் ஒரு வளைகுடாவுக்குள் நுழைந்தோம். அங்கே நின்ற படகுக்காரர்கள் டிங்கியில் விரைந்து வந்து கயிறு பிடித்தார்கள். அவர்கள் ரேடியோவில் சொல்ல, தீவின் நர்ஸ் வந்தார். மறுநாள் சின்ன விமானத்தில் ஆக்லாந்து வந்தோம். வீக்கம் வடியவே நான்கு நாள் ஆனது. பிறகு ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். தாமதத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படகைக் கம்சாயினி தன் தோழிகளோடு போய்க் கொண்டுவந்து கட்டினாள். சாவியைக் கொடுக்க வீட்டுக்கு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“விடிய சிக்னல் இல்லை எண்டு சொன்னனீங்கள், அண்ணா. நான் அதை நம்பிக்கொண்டு இருந்தன். அக்காவுக்கு ஏதும் நடந்திருந்தா, ஆயுசு முழுக்க என்னையெல்லோ குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பன்.”

நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

எட்டு வாரம் முடிகிற நாள் பிப்ரவரியில் வந்தது. யுவா கையில் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நானே போய்ச் சொன்னேன்.

“யுவா, நீ கேட்டதுக்குப் பதில் சொல்லணும். படகு இருக்கட்டும். நான் வர்றேன். எட்டு வாரம் இல்ல, எப்பவும்.”

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“இந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவு ஆசைப்பட்டேன்” என்றாள். “இப்ப அது உங்க பதில் இல்லீங்க. நான்தான் பதில் சொல்லணும். தனியா போறதுக்கு எனக்குப் பயமில்ல. உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் இப்ப பயமா இருக்கு.”

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. நான் சமைத்தேன். அவள் இடது கையால் சாப்பிடப் பழகினாள், கட்டுப் பிரித்ததும் மறுபடி வலது கைக்கு மாறினாள். வேலைக்குப் போனாள். படகைப் பற்றி இருவரும் பேசவில்லை. விற்பனைக்குப் போட்டிருக்கிறாளோ என்று அவளுக்குத் தெரியாமல் ஒருநாள் இணையத்தில் தேடினேன். இல்லை. நான் வியாழக்கிழமைகளில், அவள் படித்த பாய்மரக் கிளப்பிலேயே ஆண்கள் சேரும் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய நாள், கூடத்தில் அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதன் மேல் இரண்டு லைஃப் ஜாக்கெட். ஒன்று என்னுடையது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “மூணு நாள்தான். மோட்டுயிஹி வரைக்கும். வர்றீங்களா?” என்றாள். குரலில் கோபமும் இல்லை, பழைய குறும்பும் இல்லை. வர்றேன் என்றேன்.

அன்று மாலை தீவின் மறைவில் நங்கூரம் போட்டோம். நான் உருளைக்கிழங்குக் கறியும் சோறும் வைத்தேன். அவள் மேலே, மெலிந்துபோன வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டில் குனிந்து நன்றாகச் சாப்பிட்டாள். உப்பு சரியாக இருக்கிறது என்றாள். படகில் அடுப்பை அணைத்தால் போதாது. பின்பக்கப் பெட்டியில் இருக்கும் சிலிண்டரையும் மூட வேண்டும், கசிந்தால் வாயு அடியில் தேங்கிவிடும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் மூடினேன்.

“கேஸ் மூடியாச்சா?”

“மூடிட்டேன்.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து, நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். பெட்டியின் மூடியைத் தூக்கினாள். சிலிண்டரின் திருகைப் பிடித்து, மூடியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். மூடியிருந்தது. மூடியைச் சாத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் வந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். முப்பத்தோரு வருடத்தில் நான் செய்துவிட்டேன் என்று சொன்ன எதையும் அவள் போய்ப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை காபி போட்டு முடித்ததும் சிலிண்டரை மூடினேன். பெட்டியின் மூடியைச் சாத்தவில்லை. காயம்பட்ட கையோடு அவள் அதைத் தூக்க வேண்டாம், வந்து பார்க்கட்டும் என்று திறந்தே வைத்தேன். வந்து பார்த்தாள்.